பெண்கள் கட்டிய கனவு தேசங்கள்: ஆரம்பகால அறிவியல் புனைவுக்குள் நுழைய ஒரு முழுமையான வழிகாட்டி

அறிவியல் புனைகதை என்றதும் ராக்கெட், ரோபோ, வேற்றுக்கிரகப் போர் என்றுதான் பலருக்கும் நினைவு ஓடுகிறது. வரலாறு எழுதுபவர்களும் ஜூல்ஸ் வெர்னில் தொடங்கி, எச். ஜி. வெல்ஸைத் தொட்டு, அசிமோவில் வந்து நிற்பார்கள். இந்த வரிசையில் பெரும்பாலும் இடம் கிடைக்காத பெண்கள் பலர் இருக்கிறார்கள். 1666-ல் ஓர் ஆங்கிலேயச் சீமாட்டி, 1870-களிலும் 80-களிலும் பத்திரிகைகளில் எழுதிய அமெரிக்கப் பெண்கள், 1905-ல் பாகல்பூரில் பர்தாவுக்குள் வாழ்ந்த ஒரு வங்காளி. ஓட்டுரிமையும் கல்லூரிக் கதவும் மறுக்கப்பட்ட காலத்தில் அவர்கள் தாளில் முழு நாடுகளையே கட்டினார்கள். அந்த நாடுகளுக்குச் சட்டம் வகுத்தார்கள், பல்கலைக்கழகம் வைத்தார்கள், வண்டிகளையும் கருவிகளையும் வடிவமைத்தார்கள்.

இந்தப் புத்தகங்களுக்குள் முதல்முறையாக நுழைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது, எந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகலாம், எங்கே நின்று நிதானிக்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறேன். கால வரிசைப்படி வாசிக்க வேண்டாம். 1666-ல் தொடங்கினால் பத்தாவது பக்கத்திலேயே மூடிவைத்துவிடுவீர்கள்.

தொடங்குமுன்: இரண்டு கேள்விகள்

ஒரு குறிப்பேடு எடுத்து முதல் பக்கத்தில் இரண்டே கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, இந்த நாட்டில் யார் சமைக்கிறார்கள்? மற்றொன்று, இந்த நாடு உருவாக யாரை வெளியேற்றினார்கள்?

முதல் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். கனவு தேசக் கதைகளுக்கெல்லாம் பெயர் கொடுத்த தாமஸ் மோரின் ‘உட்டோப்பியா’ 1516-ல் வெளிவந்தது. அங்கே தனிச்சொத்து இல்லை, தங்கத்துக்கு மதிப்பில்லை, எல்லோரும் பொதுக்கூடத்தில் உண்கிறார்கள். அந்தக் கூடத்தில் சமைப்பவர்கள் யார் என்று தேடிப் பாருங்கள். குடும்பத்துக்குக் குடும்பம் முறைவைத்து வரும் பெண்கள்தான். அழுக்கான வேலைகளை அடிமைகள் செய்கிறார்கள். தங்கத்தையே ஒழித்த கற்பனைக்கு அடுப்படியை ஒழிக்கத் தோன்றவில்லை. பின்னால் வந்த பெண்கள் சரியாக அந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். அவர்களுடைய அறிவியல் எவ்வளவு தீவிரமானது என்று பார்க்க ஆகாய ஊர்தியைவிட அடுப்படியே சரியான இடம். ஒரு பெண்ணின் நாளிலிருந்து எத்தனை மணி நேரத்தை அது மீட்டுக் கொடுத்தது என்பதே அதற்கு அளவுகோல்.

இரண்டாவது கேள்வி கசப்பானது. இந்தப் புத்தகங்களை நான் நேசிக்கிறேன். நேசிப்பதாலேயே அந்தக் கேள்வியை விட்டுவிட முடியவில்லை. அதற்கான காரணம் மூன்றாம் படியில் தெரியும்.

முதல் படி: சென்னையில் அச்சான ஒரு கனவு

ரொக்கேயா சகாவத் ஹுசைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ கதையிலிருந்து தொடங்குங்கள். சிறுகதைதான், ஒரே அமர்வில் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பத்தாம் வகுப்பு ஆங்கிலம் வசப்பட்டவர்களுக்கே எளிதாகப் புரியும். 1905-ல் முதன்முதலாக அதை வெளியிட்டது சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’. 1901-ல் தொடங்கப்பட்ட இந்தப் பத்திரிகை, ஒரு பெண் ஆசிரியராக இருந்து பெண்களுக்காக நடத்திய ஆங்கில மாத இதழ். உலகம் முழுக்கப் பாடத்திட்டங்களில் இடம்பெற்றுள்ள ஒரு கதை நம் ஊரில் அச்சேறியது என்பது இங்கே இன்னும் பரவலாகத் தெரியாதது எனக்குப் பெரிய வருத்தம். 1908-ல் அது கல்கத்தாவில் தனி நூலாக வந்தது.

எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு உள்ளே போனால் கதை இன்னும் ஆழமாக இறங்கும். 1880-ல், இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில் உள்ள பாயிராபந்த் கிராமத்தில், நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து வயதிலிருந்தே பர்தா. வெளியிலிருந்து வரும் பெண்களின் கண்ணில்கூடப் படக்கூடாது. பெண் பிள்ளைக்கு ஆங்கிலம் தேவையில்லை என்று வீடு முடிவு செய்திருந்ததால், அண்ணன் இப்ராஹிம் இரவில் வீடு அடங்கிய பிறகு ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார். கணவர் சகாவத் ஹுசைன் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட். அவர் சுற்றுப்பயணம் போயிருந்த நாட்களில் பொழுதுபோக்காக ரொக்கேயா எழுதியதுதான் இந்தக் கதை. திரும்பி வந்த கணவர் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம்.

ஒருமுறை கதைக்காக வேகமாகப் படியுங்கள். இரண்டாம் முறை மூன்று இடங்களில் நில்லுங்கள்.

முதல் இடம் சமையலறை. சாய்வு நாற்காலியில் இந்தியப் பெண்களின் நிலையை எண்ணிக்கொண்டிருந்த சுல்தானா, சாரா என்ற பெண்ணோடு ‘பெண்ணாடு’ என்ற ஊருக்குள் நடக்கிறாள். பட்டப்பகலில் முக்காடில்லாமல் தெருவில் நடக்கவே அவளுக்குக் கால் கூசுகிறது. அவள் ஆண்பிள்ளைபோல் இருக்கிறாள் என்று அந்த ஊர்ப் பெண்கள் சிரிக்கிறார்கள். ஆண்பிள்ளைபோல் என்றால் அங்கே கூச்ச சுபாவம், பயந்த குணம் என்று பொருள். காய்கறித் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது சமையலறை. கரி இல்லை, புகை இல்லை, புகைபோக்கி இல்லை. ஜன்னல்களில் பூச்செடிகள். எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்டால், குவித்த சூரிய வெப்பம் வந்து இறங்கும் குழாயை சாரா காட்டுகிறாள். புகையில் கண் எரிந்து இருமிக்கொண்டே சமைத்த பெண்களைச் சுற்றிலும் பார்த்த ஒருத்தியின் கற்பனை இது. வெறும் மாயாஜாலமும் இல்லை. 1878 பாரிஸ் கண்காட்சியில் ஒகுஸ்தேன் மூஷோ சூரிய வெப்ப இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். அதே ஆண்டில் பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கில அதிகாரி, வெப்ப நாடுகளில் விறகுக்குப் பதிலாகச் சூரிய ஒளி என்று ஒரு புத்தகமே எழுதினார். தன் காலத்து அறிவியலின் விளிம்பில் நின்று ரொக்கேயா எழுதினார்.

இரண்டாவது இடம் போர்க்களம். பெண்களுக்கென்று இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று பலூன் விட்டு மேகத்திலிருந்து நீரை இறக்குகிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. ராணுவ பலத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆண்களுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் கேலிக்குரியதாக இருந்தது. பக்கத்து நாடு படையெடுத்து வந்தபோது அவர்கள் தோற்றார்கள். பல்கலைக்கழக முதல்வர் 2,000 மாணவிகளோடு களத்துக்குப் போய், சேமித்த ஒளியையும் வெப்பத்தையும் எதிரி மீது திருப்பினார். எதிரி ஓடிவிட்டான். சமையலறைக் குழாயில் இறங்கிய அதே வெப்பம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. ஆயுதம் என்று தனியாக ஒன்றை அவர்கள் செய்யவே இல்லை. இந்தக் கதையில் என்னை மீண்டும் மீண்டும் இழுப்பது இந்த முடிச்சுதான்.

மூன்றாவது இடத்தைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். மாணவிகள் களத்துக்குப் போகும் முன் ஆண்கள் அந்தப்புரத்துக்குள் அனுப்பப்படுகிறார்கள். வெற்றிக்குப் பிறகு சில போலீஸ் கமிஷனர்களும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுகளும் அரசிக்கு விண்ணப்பம் அனுப்புகிறார்கள்: தோற்றது ராணுவ அதிகாரிகள்தானே, நாங்கள் கடமை தவறவில்லையே, எங்களை மீண்டும் பதவியில் அமர்த்துங்கள் என்று. தேவைப்பட்டால் அழைக்கிறோம், அதுவரை இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று அரசியிடமிருந்து சுற்றறிக்கை வருகிறது. மாஜிஸ்திரேட்டின் மனைவி எழுதிய வரிகள் இவை. அந்த அலுவலக மொழி அவருக்குக் கைவந்திருந்தது.

இப்போது குறிப்பேட்டுக்கு வருவோம். யார் சமைக்கிறார்கள்? ஆண்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் அவர்களே. ஒரு சுருட்டு எரிய அரை மணி நேரம், நாளுக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆக ஆறு மணி நேரம் புகையாகவே போய்விடுகிறது என்று அலுவலக ஆண்களின் வேலை நேரத்துக்கு சாரா கணக்குப் போடுகிறாள். அதனால்தான் பெண்கள் இரண்டு மணி நேரத்தில் அலுவலக வேலையை முடித்துவிட முடிகிறது. யாரை வெளியேற்றினார்கள்? யாரையும் இல்லை. அறைக்குள் வைத்தார்கள், அவ்வளவுதான். பர்தா நியாயமென்றால் ஆணுக்கும் நியாயம்தானே என்ற கேள்வி கதை முழுக்க ஓடுகிறது. 21 வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் திருமணம் கூடாது என்று அந்த அரசி சட்டம் போட்டதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதப்பட்ட ஆண்டு 1905.

குறை இல்லாமல் இல்லை. மேலே ஓர் அரசி, கீழே பேசுபவர்கள் எல்லோரும் படித்த மேல்தட்டுப் பெண்கள். வயலை மின்சாரம் உழுகிறது என்று ஒரு வரி வருகிறது. அதற்கு முன்பு அந்த வயலில் உழைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கதை கேட்பதில்லை.

இரண்டாம் படி: ‘ஹெர்லேண்ட்’, பன்னிரண்டு அத்தியாயங்கள்

அடுத்து அமெரிக்காவுக்குப் போகலாம். சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1909 முதல் 1916 வரை ‘தி ஃபோர்ரன்னர்’ என்ற மாத இதழை நடத்தினார். ஆசிரியர், எழுத்தாளர் எல்லாம் ஏறக்குறைய அவர் ஒருவரே. 1915-ல் மாதம் ஓர் அத்தியாயமாக ‘ஹெர்லேண்ட்’ அதில் வந்தது. அதன் பிறகு மறக்கப்பட்டு 1979-ல்தான் புத்தகமானது. இடையில் 64 ஆண்டுகள்.

மூன்று ஆண்கள், பெண்கள் மட்டுமே வாழும் ஒரு மலைநாட்டைத் தேடிப் போகிறார்கள். எந்தப் பெண்ணும் தன் வசீகரத்துக்கு மசிவாள் என்று நம்பும் டெர்ரி, பெண்ணைத் தெய்வமாக்கிப் பூஜிக்கும் ஜெஃப், கதையைச் சொல்லும் சமூகவியலாளர் வான். ஆணை விட்டே கதை சொல்ல வைத்தது கில்மனின் சாமர்த்தியம். கேள்வி கேட்பது அந்த நாட்டுப் பெண்கள், விளக்கம் சொல்லித் திணறுவது இவர்கள்.

முதல் மூன்று அத்தியாயங்களை வேகமாகக் கடக்கலாம். விமானம், துரத்தல், சிறைப்படுதல் என்று போகும். ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து நிதானமாக வாசியுங்கள். நாடு எப்படி உருவானது, 2,000 ஆண்டுகளாக ஆணில்லாமல் எப்படிக் குழந்தை பிறக்கிறது, காடு முழுவதும் எப்படிப் பழமரங்களாக மாறியது என்ற விவரங்களெல்லாம் அங்கிருந்து தொடங்கும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தவறவிடாதீர்கள், உடை. சிறைப்பட்ட ஆண்களுக்கு அந்த நாட்டு உடை கொடுக்கப்படுகிறது. அதில் எத்தனை பைகள், எவ்வளவு வசதியான இடங்களில் என்று வான் வியக்கிறான். இன்றும் பெண்களுக்கான சுடிதாரிலும் பேன்ட்டிலும் பை கிடைப்பது அரிது என்பதை எண்ணிக்கொண்டு அந்தப் பகுதியைப் படியுங்கள்.

நான் அதிகம் திரும்பிப் படித்த இடம் பாலைப் பற்றிய உரையாடல். அந்த நாட்டில் மாடு கிடையாது. எங்கள் ஊரில் பசு வளர்க்கிறோம், பால் கறக்கிறோம் என்று ஆண்கள் பெருமையாக விளக்குகிறார்கள். அப்படியானால் கன்றுக்கு? என்று அந்தப் பெண்கள் கேட்கிறார்கள். விளக்கம் போகப்போக அந்தப் பெண்களின் முகம் வெளுத்து, கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். பிரசங்கம் எதுவும் இல்லை. கேள்விகள் மட்டும்தான்.

யார் சமைக்கிறார்கள்? வீட்டுக்கு வீடு அடுப்படி அங்கே இல்லை, பொது உணவகம்தான். 1898-லேயே கில்மன் பெண்களின் பொருளாதார நிலை பற்றி எழுதிய நூலில், தனி வீட்டுச் சமையலறைதான் பெண்ணின் நேரத்தை விழுங்குகிறது, அது தேர்ச்சி பெற்றவர்களின் தொழிலாக வேண்டும் என்று வாதாடியிருந்தார். நாவலில் அதையே நாடாக்கிக் காட்டினார்.

யாரை வெளியேற்றினார்கள்? இங்கேதான் வலிக்கும். இந்தப் பெண்கள் ஆரிய இனத்தவர் என்பதில் தனக்கு ஐயமில்லை என்கிறான் வான். தகுதியற்றவர்கள் என்று கருதப்படும் பெண்கள் தாய்மையைக் கைவிடும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். 1908-ல் ஒரு சமூகவியல் இதழில், கறுப்பின மக்களை அரசாங்கக் கட்டாய உழைப்பில் அமர்த்தலாம் என்று கட்டுரை எழுதியவர் இதே கில்மன். பையை எண்ணிப் பாராட்டிய அதே கண்ணோடு இதையும் பார்க்க வேண்டும்.

இதே மூன்று நாவல் வரிசையின் மற்ற பகுதிகளான 1911-ன் ‘மூவிங் த மவுன்டன்’, 1916-ன் ‘வித் ஹெர் இன் அவர்லேண்ட்’ இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். கதை மெலிந்து உரை பெருத்தவை.

மூன்றாம் படி: ‘மிசோரா’, எச்சரிக்கையோடு

1880-81-ல் சின்சினாட்டி நகரத்துச் செய்தித்தாளில் தொடராக வந்தது, 1890-ல் நூலானது. எழுதியவர் மேரி பிராட்லி லேன். எழுதுவது இவர்தான் என்று கணவருக்கே தெரியாது என்கிறது நூலின் முன்னுரை.

சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட வேரா என்ற ருஷ்யப் பெண் தப்பித்து, வடதுருவக் கடலில் அடித்துச் செல்லப்பட்டு, பூமியின் உட்புறத்தில் உள்ள மிசோரா என்ற நாட்டை அடைகிறாள். முழுக்கப் பெண்கள். கல்வி எல்லோருக்கும் இலவசம். வேதியியல் முறையில் ஆய்வகத்தில் இறைச்சி தயாராகிறது. தூரத்தில் இருப்பவரின் உருவத்தைப் பார்த்துக்கொண்டே பேசும் கருவி இருக்கிறது. சமையல் அங்கே வேதியியல் படித்தவர்கள் செய்யும் கௌரவமான பணி. அடுப்படிக் கேள்விக்கு இந்த நூல் தரும் விடைதான் எல்லாவற்றிலும் துணிச்சலானது: சமையலை இழிந்த வேலை என்று ஒதுக்காமல் அறிவியலாக உயர்த்துகிறது.

பாதிக்கு மேல் ஓர் ஓவியக்கூடம் வரும். பழங்காலத்து மனிதர்களின் படங்கள். அங்கேதான் ஆண்கள் என்ற இனம் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டதை வேரா அறிகிறாள். கருத்த நிறத்தவர் எங்கே என்றும் கேட்கிறாள். நீக்கிவிட்டோம் என்று நிதானமாகப் பதில் வருகிறது. மிசோராவின் பெண்கள் அத்தனை பேரும் பொன்னிறக் கூந்தலும் வெளுத்த மேனியும் கொண்டவர்களாக இருப்பதன் காரணம் அதுதான். முதல் பக்கங்களில் வெறும் வர்ணனையாகக் கடந்து போன விஷயம் இங்கே வந்து முகத்தில் அறைகிறது. திரும்பிப் போய் முதல் அத்தியாயங்களை மீண்டும் புரட்டுங்கள், ஒவ்வொரு பொன்னிறக் கூந்தலும் வேறு மாதிரித் தெரியும்.

கருத்த தோலோடு வாசிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த நாட்டில் இடமில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வாசிக்காமல் விடச் சொல்லவில்லை. அடிமை முறை சட்டப்படி ஒழிந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளே ஆன ஒரு நாட்டில், வெள்ளைப் பெண்களின் விடுதலைக் கனவு எங்கே போய் முட்டிக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் இல்லை. ‘சுல்தானாவின் கனவு’ கதையை முதலில் வைத்தது இதற்காகவும்தான். யாரையும் அழிக்காமல் ஒரு கனவு தேசத்தைக் கட்ட முடியும் என்று தெரிந்த பிறகு மிசோராவுக்குப் போனால், அதன் கொடூரத்தைக் காலத்தின் குற்றம் என்று லேசாகத் தள்ளிவிட மாட்டீர்கள்.

நான்காம் படி: ஒரு மாலைக்கு ஒன்றாகப் புரட்ட வேண்டியவை

இவற்றை முழுதாகப் படித்தே ஆக வேண்டும் என்பதில்லை. முதல் அத்தியாயங்களையும் பிடித்த பகுதிகளையும் படித்தால் போதும்.

மேரி கிரிஃபித் 1836-ல் பெயர் போடாமல் வெளியிட்ட தொகுப்பில் ‘இன்னும் முந்நூறு ஆண்டுகளில்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நெடுங்கதை உண்டு. அமெரிக்கப் பெண் எழுதிய முதல் கனவு தேசக் கதையாக அறியப்படுவது இதுதான். பனிச்சரிவில் புதைந்தவன் 2135-ல் விழிக்கிறான். எல்லா முன்னேற்றத்துக்கும் பெண்களின் கல்வியே காரணம் என்று அவனுக்கு விளக்கப்படுகிறது. கிரிஃபித் நியூ ஜெர்சியில் பண்ணை வைத்து, தேனீ வளர்ப்பில் சோதனைகள் செய்தவர். அந்த அனுபவம் எழுத்தில் தெரியும்.

ஆனி டென்டன் கிரிட்ஜ் 1870-ல் எழுதியதை அவசியம் பாருங்கள். செவ்வாய் கிரகத்தில் ஆண்கள் ஏப்ரன் கட்டி, அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாடிப்போய் அடுப்படியில் நிற்கிறார்கள். பெண்கள் வெளியே நாட்டை ஆள்கிறார்கள். தீர்வாக வருவது இயந்திரங்களால் இயங்கும் பெரிய பொதுச் சமையற்கூடம். ஆண்களுக்கு உரிமை வேண்டும் என்று கூட்டம் போட்டு ஆண்கள் பேசும் பகுதி, அந்தக் காலத்து மேடைப் பேச்சுகளைத் திருப்பிப் போட்டு எழுதப்பட்டது.

1889-ல் இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பிரபலப் பெண்கள், பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று ஒரு பத்திரிகையில் கையெழுத்திட்டு அறிக்கை வெளியிட்டார்கள். அதைப் படித்துக் கொதித்துப்போன எலிசபெத் கார்பெட் அதே ஆண்டில் ‘நியூ அமேசானியா’ எழுதினார். கதைசொல்லியும் அந்த அறிக்கையைப் படித்து ஆத்திரப்பட்டுத் தூங்கி, 2472-ல் பெண்கள் ஆளும் அயர்லாந்தில் விழிக்கிறாள். அறிக்கைக்குப் பதில் அறிக்கை எழுதுவதற்குப் பதில் ஒரு நாட்டையே எழுதியிருக்கிறார். ஊனத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த நாட்டில் என்ன நேர்கிறது என்பதைப் படிக்கும்போது குறிப்பேட்டின் இரண்டாவது கேள்வி மீண்டும் தேவைப்படும்.

அடுத்த ஆண்டில் ஃபுளோரன்ஸ் டிக்ஸியின் ‘குளோரியானா’ வந்தது. ஆண் வேடத்தில் படித்து, நாடாளுமன்றத்துக்குப் போய், பிரதமராகவே ஆகிவிடும் பெண்ணின் கதை. 1893-ல் அயோவாவைச் சேர்ந்த ஆலிஸ் இல்கன்ஃபிரிட்ஸ் ஜோன்ஸும் எல்லா மெர்ச்சன்ட்டும் சேர்ந்து, ‘மேற்குப் பகுதியின் இரு பெண்கள்’ என்று மட்டும் போட்டு ஒரு செவ்வாய் கிரக நாவல் வெளியிட்டார்கள். அதில் இரண்டு நாடுகள். ஒன்றில் பெண்களுக்கு ஆண்களின் சுதந்திரம் மட்டுமல்ல, ஆண்களின் கெட்ட பழக்கங்களும் உண்டு. பெண்கள் இயல்பிலேயே உத்தமிகள் என்ற அன்றைய நம்பிக்கையை இந்த இருவரும் ஏற்கவில்லை. மற்ற நூல்களில் கிடைக்காத தைரியம் இது, எனக்கு மிகவும் பிடித்தது.

ஐந்தாம் படி: 1666-க்குத் திரும்புதல்

இவ்வளவும் வாசித்த பிறகு மார்கரெட் கேவண்டிஷ் எழுதிய ‘தி பிளேசிங் வேர்ல்ட்’ நூலுக்கு வாருங்கள். நியூகாசில் சீமாட்டி, தன் பெயரைப் போட்டே புத்தகம் வெளியிட்டவர். முந்தைய ஆண்டு ராபர்ட் ஹூக் நுண்ணோக்கி வழியே கண்டவற்றைப் பெரிய படங்களோடு நூலாக்கியிருந்தார். அந்த ஆராய்ச்சி முறையை விமர்சித்து கேவண்டிஷ் ஒரு தத்துவ நூல் எழுதி, அதோடு சேர்த்து இந்தக் கதையை வெளியிட்டார்.

வாசிப்பது கடினம். வாக்கியங்கள் முடிவதில்லை, பத்தி பிரிப்பதும் அரிது. ஒரு வழி சொல்கிறேன். ஒரு பெண்ணைக் கடத்திப்போன கப்பல் வடதுருவத்தில் மாட்டி, ஆண்கள் உறைந்து இறக்க, அவள் மட்டும் வேறோர் உலகத்துக்குள் நுழையும் தொடக்கத்தை நிதானமாகப் படியுங்கள். அவள் அந்த உலகத்தின் பேரரசி ஆனதும், கரடி மனிதர், பறவை மனிதர், புழு மனிதர் என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் அறிவுத்துறையை ஒப்படைக்கிறாள். அதன் பின் வரும் நீண்ட கேள்வி பதிலில் பெரும்பகுதியைத் தாண்டலாம், ஒரு பகுதியைத் தவிர.

கரடி மனிதர்கள் தொலைநோக்கி வழியே பார்த்துவிட்டு ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போடுகிறார்கள். எரிச்சலடைந்த பேரரசி, அந்தக் கண்ணாடிகளை உடையுங்கள் என்று ஆணையிடுகிறாள். அவர்கள் மண்டியிட்டு, இவை இல்லாவிட்டால் வாதிட எங்களுக்கு எதுவுமே இருக்காது என்று கெஞ்சுகிறார்கள். பிறகு நுண்ணோக்கியைக் கொண்டுவந்து தெள்ளுப்பூச்சியையும் பேனையும் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். பார்த்து மிரண்ட பேரரசி, இவை கடிக்காமல் தடுக்க இந்தக் கண்ணாடி உதவுமா என்று கேட்கிறாள். அதெல்லாம் கைவினைஞர் வேலை, எங்கள் உயர்ந்த ஆய்வுக்குக் கீழானது என்று பதில் வருகிறது.

சுல்தானா போன நாட்டில் கொசு கடிப்பதில்லை என்று ஒரு சிறு வரி உண்டு. கேவண்டிஷின் பேரரசி கேட்ட கேள்விக்கு, ஏறத்தாழ 240 ஆண்டுகள் கழித்து, வேறொரு கண்டத்திலிருந்து வந்த விடைபோல எனக்கு அந்த வரி படுகிறது. அறிவியல் யாருக்கு, எதற்கு என்று இருவருமே கேட்டார்கள்.

1667 மே மாதம் கேவண்டிஷ் அறிவியலாளர்களின் சங்கமான லண்டன் ராயல் சொசைட்டிக்கு விருந்தினராகப் போய், ராபர்ட் பாயிலின் சோதனைகளைப் பார்த்தார். அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1945-ல். நூலின் பிற்பகுதியில் கேவண்டிஷின் ஆன்மாவே பேரரசியின் எழுத்தராக வந்து சேர்கிறது, இருவரும் தோழிகளாகிறார்கள். அதன் பிறகு தன் தாய்நாட்டைக் காப்பாற்ற, மீன் மனிதர்கள் இழுக்கும் கப்பல்களோடும் நீர் பட்டால் எரியும் கற்களோடும் பேரரசி போருக்குப் போகிறாள், எதிரிக் கப்பல்கள் எரிகின்றன. ரொக்கேயாவின் போரை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே வெற்றி பேரரசுக்கு. அங்கே படிப்பைத் தொடரத் தடையில்லாத ஒரு நாட்டுக்கு.

கூடி வாசிக்க நினைப்பவர்களுக்கு

நூலக வாசகர் வட்டத்திலோ கல்லூரியிலோ செய்வதாக இருந்தால் முதல் சந்திப்பில் ‘சுல்தானாவின் கனவு’ கதையைச் சத்தமாக வாசியுங்கள். மாறி மாறி வாசித்தால் ஒருவருக்கும் களைப்பிருக்காது. அன்றைக்கே விவாதம் வேண்டும். ‘ஹெர்லேண்ட்’ நாவலுக்கு நான்கு சந்திப்புகள், மூன்று மூன்று அத்தியாயங்களாக. ‘மிசோரா’, ‘நியூ அமேசானியா’ பற்றிப் பேசும் நாளில் கூட்டத்தில் மாற்றுத்திறனாளிகளும், நிறத்தின் பெயரால் அவமானப்பட்டவர்களும் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்து, நூலில் என்ன வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேவண்டிஷை மொத்தமாக வாசிக்க வைக்காதீர்கள். மேலே சொன்ன பகுதிகளை மட்டும் அச்செடுத்துக் கொடுங்கள்.

இவை எல்லாமே காப்புரிமைக் காலம் முடிந்தவை. ‘ஹெர்லேண்ட்’, ‘மிசோரா’ இரண்டும் குடன்பர்க் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசம். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பெண் எழுத்தாளர்களுக்காக நடத்தும் இணைய நூலகத்தில் ‘சுல்தானாவின் கனவு’ முழுதாக இருக்கிறது. காதால் கேட்க விரும்புபவர்கள் லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் தளத்தில் தேடலாம்.

கடைசியாக ஒரு நூல், இது அறிவியல் புனைவு இல்லை. 1909-ல் கணவர் இறந்த பிறகு ரொக்கேயா பாகல்பூரில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவிகளோடு ஒரு பள்ளி தொடங்கினார். 1911-ல் அதைக் கல்கத்தாவுக்கு மாற்றினார். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசி முஸ்லிம் பெண்பிள்ளைகளை வகுப்புக்கு வரவழைத்தார். அந்த உழைப்புக்கு நடுவே 1924-ல் வங்க மொழியில் எழுதிய நாவல் ‘பத்மராக்’. அதில் வரும் தாரிணி பவனில் பிரம்மசமாஜம், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள் சேர்ந்து பள்ளியும் மருத்துவமனையும் தொழிற்கூடமும் நடத்துகிறார்கள். சூரியக் குழாயும் ஆகாய வண்டியும் அங்கே இல்லை. கணக்குப் புத்தகம், தையல் இயந்திரம், மாணவிகளின் பெற்றோர் அனுப்பும் புகார்க் கடிதங்கள்தான். பர்னிதா பாக்சியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘சுல்தானாவின் கனவு’ கதையோடு சேர்ந்து ஒரே நூலாக 2005-ல் பெங்குவின் வெளியிட்டது. அதை வாங்க முடிந்தால், முதல் படியையும் கடைசிப் படியையும் ஒரே புத்தகத்தில் முடித்துவிடலாம்.